21 இறாத்தல் றைபிளும் அதைச் சுமந்த தோளும்

ஹோர்டன் சமவெளிக்குச் சுற்றுலாச் செல்லும் கண்டி மாணவர்கள், அங்குள்ள நீர்வீழ்ச்சியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. அதன் பெயர் பேக்கர் நீர்வீழ்ச்சி. அண்மையில் அவ்வாறு சென்று வந்த வகுப்பொன்றில் ஒரு மாணவி, “பேக்கர் என்பவர் யார்?” என்று கேட்டாளாம். அவளை அழைத்துச் சென்ற ஆசிரிய நண்பர், “பெரிய வேட்டைக்காரர், நல்ல எழுத்தாளர்” என்று விடை கூறியிருக்கிறார். பின்னர், தாம் கூறியது போதுமா என்ற ஐயம் எழவே, அவர் என்னிடம் வந்தார். அந்த ஐயத்தின் விளைவே இக்கட்டுரை.

நண்பர் கூறிய விடையில் பிழை ஏதும் இல்லை. சாமுவேல் பேக்கர் (1821–1893) பெரிய வேட்டைக்காரர்தாம், நல்ல எழுத்தாளருந்தாம். நுவரெலியாவிற் குடியேறி வாழ்ந்த காலத்து வேட்டை அனுபவங்களை அவர் நூலாக்கி 1850-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். ‘இலங்கையில் றைபிளும் வேட்டைநாயும்’ என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். எந்தத் துவக்கைத் தேர்வது, எவ்வளவு மருந்து இடுவது, யானையின் நெற்றியில் எவ்விடத்தில் குறிவைப்பது, எவ்வளவு நெருக்கத்தில் விசையை இழுப்பது என்பன போன்ற விடயங்களை இத்தீவைக் களமாகக் கொண்டு அத்துணைத் தெளிவாகப் பேசும் நூல்கள் மிகச் சில. இன்றும் அது மறுபதிப்பாகிறது, இன்றும் படிக்கப்படுகிறது. ஆகவே, அதைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது பயனற்ற பழங்கதை அன்று.

முதலில் நூலின் சிறப்பை மறைக்காமற் சொல்லிவிடுவோம். ஏகாதிபத்திய காலத்து எழுத்தென்றால் அதில் நயமே இராது என்று கருதுவது முற்போக்கு விமர்சனம் ஆகாது, அது சோம்பல். பேக்கரின் நடை சுத்தமானது. சுற்றிவளைப்பு இல்லை. தாம் தவறவிட்ட குறிகளையும், உயிர் தப்பியதே போதும் என்று நின்ற கணங்களையும் அவர் ஒளிக்கவில்லை. கருவியைப் பற்றிப் பேசும்போது அவரிடம் ஒரு தொழிலாளியின் நிதானம் தென்படுகிறது. கதை சொல்லும் ஆற்றலும் கருவியறிவும் ஒருவரிடம் சேர்ந்து அமைவது அரிது.

அவருடைய ஆயுதத் தொகுதியைப் பார்ப்போம். நான்கு அவுன்ஸ் குண்டு சுடும் ஒற்றைக்குழல் றைபிள் ஒன்று. அதன் நிறை 21 இறாத்தல். இரண்டு அவுன்ஸ் குண்டு சுடும் நீண்ட ஒற்றைக்குழல் றைபிள் மற்றொன்று. நிறை 16 இறாத்தல். இவற்றோடு பத்தாம் இலக்க இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு. ஒவ்வொன்றும் 15 இறாத்தல். பத்தாம் இலக்கம் என்றால் ஓர் இறாத்தல் ஈயத்திற் பத்து உருண்டைகள் வார்க்கும் அளவு என்று பொருள். சுருள் பள்ளம் வெட்டாத வழுவழுப்பான குழல்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. குண்டு நேராகச் சென்று எலும்பைத் துளைக்க வேண்டுமானால் பள்ளம் வெட்டிய குழலே வேண்டும் என்பது அவருடைய உறுதியான முடிவு.

இத்தேர்வின் காரண காரியத் தொடர்பு எளிமையானது. யானையின் மண்டையோடு தடித்தது. தேன்கூடு போன்ற எலும்பறைகள் கொண்டது. மூளையோ அதனுள்ளே சிறியதோர் இலக்கு. அவ்வெலும்பைத் துளைக்கப் பெரிய குண்டு வேண்டும். பெரிய குண்டைச் செலுத்த மிகுதியான மருந்து வேண்டும். மிகுதியான மருந்து வெடித்தால் துவக்கு பின்னோக்கி உதைக்கும். அவ்வுதையைத் தாங்க வேண்டுமானால் துவக்கு கனமாக இருக்க வேண்டும். இவ்வாறே 21 இறாத்தல் வருகிறது. இதுவரை எல்லாம் பௌதிகம். இதில் எவருக்கும் பிணக்கில்லை.

பேக்கர் நிறுத்திய இடத்தில் நாம் கணக்கைத் தொடர்வோம். ஆறு துவக்குகளின் மொத்த நிறை 97 இறாத்தல். குழல்கள் பத்து, ஆகவே மறுபடி மருந்திடாமற் பத்து முறை சுடலாம். அக்காலத்துத் துவக்கு வாய்வழியாக மருந்திடப்படுவது. மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் அடிவரை இடித்து இறக்கி, பின்பு கேப்பைப் பொருத்த வேண்டும். கைதேர்ந்தவனுக்கும் அரை நிமிடமளவு செல்லும். பாய்ந்து வரும் யானை அந்த அரை நிமிடத்தைக் கொடாது. எனவே, சுட்ட துவக்கைக் கீழே விட்டவுடன் நிரம்பிய துவக்கொன்று கைக்கு வந்தாக வேண்டும். அது தானாக வராது. அதைக் கொண்டுவந்து நீட்ட ஒரு மனிதன் வேண்டும்.

அவனே துவக்குச் சுமப்பவன். பேக்கரின் உத்தி முழுவதும் அவன் தோளின் மேல் நிற்கிறது. பொறுத்திருந்து, சில தப்படி தூரம்வரை யானையை வரவிட்டு, நெற்றியிற் குறிவைப்பதே அவருடைய முறை. அவ்வாறு பொறுத்திருக்கும் துணிவு பேக்கருக்கு இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே தூரத்தில், அதே யானையின் முன், சுமப்பவனும் நின்றான். பேக்கரின் கையில் நிமிர்த்திய துவக்கு இருந்தது. இவன் கையில் இருந்த துவக்கோ இவனுடையதன்று. அதைச் சுட இவனுக்கு உரிமையும் இல்லை. நிரம்பிய துவக்கை ஏந்திக்கொண்டு, தற்காப்புக்கும் அதைப் பயன்படுத்தாமல், பின்வாங்காமல், துரை கையை நீட்டும் கணத்தில் அதைக் கொடுப்பதே இவன் கடமை. இவ்விருவருள் எவனுடைய துணிவு பெரிது என்று வாசகர் சிந்திக்கட்டும்.

நூல் இதை எவ்வாறு காண்கிறது? சுமப்பவர்கள் அச்சத்தால் ஓடிவிடுவது வேட்டைக்காரனின் பெரிய இடர்களில் ஒன்று என்று அது முறையிடுகிறது. துவக்கோடு ஓடியவன் கோழை. துவக்கோடு நின்றவன் நல்ல பணியாள். வாலஸ் என்ற சுமப்பவரைப் பேக்கர் மனமாரப் பாராட்டுகிறார். அவருடைய பெயர் நூலில் நிலைத்ததே ஒரு பேறு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயினும் அப்பாராட்டு, நல்லதொரு துவக்கின் விசை இடராமல் இயங்கியதைப் பாராட்டும் பாராட்டிலிருந்து வேறுபட்டதா? மனிதன் கருவித் தொகுதியின் ஓர் உறுப்பாக எண்ணப்படுகிறான். 97 இறாத்தல் என்ற கணக்கைப் பேக்கர் போடாமல் விட்டதற்குக் காரணம் இதுவே. அந்தச் சுமையை அவர் தோள் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

கருவியின் தேர்வு தனிமனித ருசியைப் பொறுத்தது, அதில் சமுதாயம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எங்கெல்ஸ் எப்போதோ விடை கூறிவிட்டார். 1860-இலும் 1861-இலும் றைபிளின் வரலாற்றைத் தொழில்நுட்ப நுணுக்கத்தோடு எழுதியவர் அவர். 1878-இல் நூலாக வந்த ‘டூரிங்குக்கு மறுப்பு’ என்ற படைப்பில், ஒரு மனிதன் மற்றொருவனைக் கைத்துப்பாக்கியால் அடக்குகிறான் என்றால் அக்கைத்துப்பாக்கியை உண்டாக்கிய உற்பத்தி முறையையே முதலில் நோக்க வேண்டும் என்று வாதிட்டார். துவக்கு மரத்திற் காய்ப்பதன்று. பேக்கரின் பெரிய றைபிள் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற துவக்குத் தொழிலாளர் செய்து கொடுத்தது. அதன் பின்னால் ஆங்கில நாட்டின் இரும்பும் நிலக்கரியும் பட்டறையும் இருந்தன. அதன் கீழே இலங்கைக் காட்டின் ஒற்றையடிப் பாதையும் கூலிக்குச் சுமக்கும் தோளும் இருந்தன. இவ்விரண்டும் சேராவிடில் அத்தேர்வே சாத்தியமில்லை.

இதே மலைநாட்டில் வேறொரு தேர்வும் இருந்தது. ‘துவக்கு’ என்ற சொல் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவானது. துருக்கிய மூலத்திலிருந்து வந்து இரு மொழிகளிலும் குடியேறியது. அச்சொல்லைப் போலவே கருவியும் வெளியிலிருந்து வந்து இங்குள்ள கொல்லர் கையில் வேறு உருப்பெற்றது. போர்த்துக்கேயரோடு வந்த துவக்கைக் கண்ட சிங்களக் கொல்லர்கள், விரைவில் அதைத் தாமே செய்யக் கற்றார்கள். அவர்கள் செய்த துவக்கின் பொறி இடப்புறத்தில் அமைந்தது. அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்ட வடிவம் பெற்றது. கண்டி வீரர் ‘கொடித்துவக்கு’ என்ற சிறு பீரங்கியை மரக்கால்களின் மேல் நிறுத்திச் சுட்டனர். வெட்டுக்கிளி போல் நின்ற அக்கருவியை மலைப்பாதையில் எளிதாகத் தூக்கிச் செல்லலாம். மரத்தின் மறைவில் வைத்துச் சுட்டுவிட்டு இடம் பெயரலாம்.

இங்கும் காரண காரியத் தொடர்பு உண்டு. பாதை குறுகியது, ஆகவே கருவி சிறிதாக வேண்டும். எதிரி அணிவகுத்து வருவான். ஆகவே மறைந்து சுட வேண்டும். மரங்களை வெட்டிப் பாதையை அடைத்து, இருபுறத்துக் காட்டிலிருந்தும் சுடுவது கண்டியரின் போர்முறை. 1638-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பேராதனைக்கு அண்மையில் உள்ள கன்னொறுவையில் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெலோவின் படை அழிந்தது. 1803-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மேஜர் டேவியின் படை கண்டியைக் கைவிட்டு வெளியேறி, மகாவலியைக் கடக்க இயலாமல் வட்டப்புளுவையிற் சரணடைந்து மடிந்தது. இன்று பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் பேருந்தில் சில நிமிடங்களிற் கடந்து செல்லும் இடங்கள் இவை.

எனினும் நாம் மறுபுறம் சறுக்கிவிடலாகாது. அந்நியனுடைய துவக்கைக் கண்டிக்கும் வேகத்தில் அரசனுடைய துவக்கை வணங்கத் தொடங்குவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. 1765-இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கொண்டுசென்ற பீரங்கியொன்று, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து, 2023-இல் இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டது. லெவ்கே திசாவை அரசனுக்கு அளித்த அப்பீரங்கியில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைக்கப்பட்டுள்ளன. அதனோடு இரண்டு பெருந்துவக்குகளும் வாள்களும் கத்தியும் திரும்பின. கொள்ளையிட்டதைத் திருப்பிக் கொடுத்தது நியாயமே. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அப்பீரங்கியின் மாணிக்கத்தைக் காணும் கண், அதை இழைத்த கையையும் காண வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசுவாமி, 1908-இல் வெளிவந்த தம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், கண்டிக் கைவினைஞரின் திறனை ஆழ்ந்த அன்போடு எழுதினார். அவருடைய உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் அக்கைவினைஞர் சாதியாலும் இராஜகாரிய ஊழியத்தாலும் பிணிக்கப்பட்டிருந்தனர் என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். மாணிக்கம் இழைத்த பீரங்கி மன்னனின் பெருமைக்கு. மரக்கால் கொடித்துவக்கு மலையின் தேவைக்கு. இரண்டையும் ஒரே பெருமிதத்தில் அடக்கிவிடுவது வரலாறு ஆகாது.

இனி 1848-ஆம் ஆண்டுக்கு வருவோம். பேக்கர் நூலின் மிகப் பெரிய மௌனம் இங்கேதான் இருக்கிறது. கோப்பித் தோட்டங்கள் சரிந்து அரசின் கருவூலம் வறண்டபோது, தேசாதிபதி டொறிங்டன் புதிய வரிகளை விதித்தார். அவற்றுள் ஒன்று துவக்கு வரி. துவக்கு வைத்திருப்பவன் ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் கட்டி அனுமதி பெற வேண்டும். நாய்க்கும் வரி, வீதிக்கு உடலுழைப்பு. கண்டிக் குடியானவன் கையில் இருந்தது யாது? தந்தை வழியில் வந்த பழைய துவக்கு ஒன்று. சேனையிலும் வயலிலும் இறங்கும் பன்றியையும் யானையையும் விரட்ட அவனுக்கு இருந்த துணை அதுவும் அவனுடைய நாயுமே. அவ்விரண்டின் மீதும் வரி விழுந்தது. ஜூலை மாதத்தில் மக்கள் கண்டியில் திரண்டனர். கிளர்ச்சி மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்டது. இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8-ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். அம்மாத இறுதியில் குடாபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டார். இவ்வடக்குமுறை பிரித்தானியப் பாராளுமன்றத்தின் விசாரணைவரை சென்றது. 1850-இல் டொறிங்டன் பதவியிழந்து திரும்பினார்.

இதே 1848-இல்தான், நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றமொன்றை நிறுவுவதற்காகப் பேக்கர் ஆட்களோடும் கால்நடைகளோடும் இங்கிலாந்திலிருந்து கப்பலேற ஏற்பாடு செய்தார். ஒரே ஆண்டு, ஒரே மலைநாடு. ஒருவனுக்கு ஒற்றைத் துவக்குக்கு வரி. மற்றொருவருக்கு ஆறு றைபிள்கள். அவற்றைச் சுமக்க ஆட்கள். கொன்ற கதையை விற்க லண்டனில் பதிப்பகம். குடியானவன் தன் பயிரைக் காக்கச் சுட்டான். துரை பொழுதைக் கழிக்கச் சுட்டார். இலங்கை யானைகளுள் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு; ஆகவே தந்தத்துக்காகக் கொன்றதாகவும் சொல்ல இயலாது. உடல் கிடந்த இடத்திலேயே அழுகியது. வேட்டை விருப்பம் ஆங்கிலேயனின் இயல்பிலேயே ஊறியது என்ற தோரணையில் நூல் அதை நியாயப்படுத்துகிறது. இயல்பு என்று சொல்லிவிட்டால் பின்பு கேள்வி இல்லையல்லவா?

பேக்கர் தனி ஒருவர் அல்லர். பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த மேஜர் றோஜர்ஸ் 1,400 யானைகளைக் கொன்றதாகக் கூறுவர். 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அரசே யானைத் தலைக்குப் பரிசு கொடுத்தது. எமெர்சன் டெனன்ட் 1859-இல் வெளியிட்ட நூலில், 1848-க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட பகுதியில் மட்டும் 3,500-க்கு மேற்பட்ட யானைகளும், 1851-க்கும் 1856-க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் இவ்வாறு கொல்லப்பட்டதாகக் குறிக்கிறார். குடியானவனின் துவக்குக்கு வரியும், யானையின் தலைக்குப் பரிசும் ஒரே ஆட்சியின் இரு கைகள்.

காடு அழிந்தது, தோட்டம் எழுந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாக நடந்து வந்தவர்களின் தோள்கள் இப்போது சுமக்கத் தொடங்கின. துவக்குச் சுமப்பவனிலிருந்து கொழுந்துக் கூடை சுமப்பவள்வரை உள்ள தொடர்பைக் கற்பனையென்று ஒதுக்கிவிட முடியாது. இருவரும் தம் உழைப்பால் மற்றொருவருக்கு ஒரு வாழ்க்கை முறையைச் சாத்தியமாக்கியவர்கள். அவ்வாழ்க்கை முறையின் நூல்களில் அடிக்குறிப்பாகவும் இடம்பெறாதவர்கள்.

அவர்கள் நிமிர்ந்து நின்றபோது துவக்கு அவர்களை நோக்கித் திரும்பியது. 1940 ஜனவரியில், கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டப் பகுதியில் உள்ள முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். மலையகத் தொழிலாளர் இயக்கம் அவரை முல்லோயா கோவிந்தன் என்று இன்றும் நினைவுகூர்கிறது. அச்சூடு பற்றி விசாரிக்க ஆணைக்குழு அமர்ந்தது, கொல்வின் ஆர். டி சில்வா அதன் முன் வாதாடினார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்த சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துவக்குக்கு இரையானார்.

இங்கே ஒரு வேறுபாடு கவனிக்கற்பாலது. பேக்கரின் நூலில் நூற்றுக்கணக்கான குண்டுகள் வெடிக்கின்றன. ஒவ்வொரு குண்டுக்கும் எவ்வளவு மருந்து, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்ற கேள்விகளே எழுகின்றன. ஏன் சுட்டாய் என்ற கேள்வி எழுவதில்லை. முல்லோயாவில் வெடித்த குண்டுக்கோ, ஏன் சுட்டாய் என்று கேட்க ஓர் ஆணைக்குழு அமர வேண்டியதாயிற்று. அக்கேள்வியை எழுப்பியது எவருடைய பெருந்தன்மையும் அன்று. சங்கமாகத் திரண்ட தொழிலாளரின் பலம். உத்தியின் மொழியிலிருந்து நியாயத்தின் மொழிக்கு வரலாறு நகர்ந்த இடம் அது. எத்துணை இலக்கிய நயம் இருந்தும் பேக்கரின் நூல் அவ்விடத்துக்கு வந்து சேரவில்லை. அதுவே அந்நூலின் எல்லை.

அப்படியாயின் பேக்கரை நாம் படிக்க வேண்டாமா? கட்டாயம் படிக்க வேண்டும். மலைநாட்டுக் காட்டையும் மரையையும் யானையையும், அவை இருந்த நிலையில், தம் கண்ணால் கண்டு எழுதியவர் அவர். யானை உலாவிய ஹோர்டன் சமவெளியில் இன்று யானை இல்லை. தீவின் பிற பகுதிகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகளும், நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் ஒருவரால் ஒருவர் மடிகின்றனர். மடியும் மனிதர் பெரும்பாலும் ஏழைக் குடியானவர். தேயிலை மலைகளில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கிற் சிறுத்தை சிக்கி உயிர்விடுகிறது. இந்நிலையின் வேர்களை அறிய விரும்புபவன் பேக்கரைத் தவிர்க்க முடியாது. ஆனால் அவரைத் தனியே படிக்கக் கூடாது. 1848-இன் துவக்கு வரியோடும் முல்லோயாவின் விசாரணையோடும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அம்மாணவிக்கு என் நண்பர் அடுத்த வாரமே விடையைத் திருத்திச் சொன்னார். “பேக்கர் நல்ல வேட்டைக்காரர், நல்ல எழுத்தாளர். அவருக்குப் பின்னால் 97 இறாத்தல் சுமந்து சிலர் நின்றார்கள். அவர்களைப் பற்றி அவர் போதிய அளவு எழுதவில்லை.” அவள் சற்று யோசித்துவிட்டு, “அவர்கள் பெயரில் ஏதாவது அருவி இருக்கிறதா, ஐயா?” என்று கேட்டாளாம்.

இல்லை. அவர்களுடைய கதையை எழுதும் வேலை இன்னும் நம்மிடமே இருக்கிறது. லயங்களிலும் கண்டிக் கிராமங்களிலும் பாட்டன் பாட்டி வழிவந்த நினைவுகள் முற்றாக மறைவதற்கு முன், மலையகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு குறிப்பேட்டோடு அவர்களிடம் செல்ல வேண்டும்.